சிக்னல் இரண்டாகத் தெரிந்த நாள்

அன்பு செல்வின்,

உன் அப்பா டூட்டிக்குக் குடித்துவிட்டு வந்தாரா என்று அம்மாவிடம் போனில் கேட்டாயாம். கேட்டதில் தப்பில்லை. அடுத்த மாதம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, பெண்ணின் தாய்மாமா வந்து, "மாப்பிள்ளையோட அப்பா மின்சார ரயில் ஓட்டினவராச்சே, ஒரு நாள் தள்ளாடிக்கிட்டே டூட்டிக்கு வந்து, ரெண்டு பேரு பிளாட்பாரத்துல கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனாங்களே, தாம்பரமே பாத்துதே" என்று சொன்னால், பெண்ணைப் பெற்றவர் பதில் கேட்கத்தான் செய்வார். நீயும் விசாரிக்கத்தான் வேண்டும். என்னிடமே கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். நான் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். பழைய கதை ஊரைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டது என்று எனக்கு அப்போதே புரிந்தது.

பதில் இதுதான். அந்த மாமா பார்த்தது உண்மை. தள்ளாடினேன். பிடித்துக்கொண்டுதான் போனார்கள். ஆனால் திருவிருந்தில் சபையோடு வாய் நனைக்கும் அந்தச் சொட்டுத் திராட்சை ரசம் தவிர நான் வாழ்க்கையில் வேறு எதையும் தொட்டதில்லை. இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், பெண் வீட்டில் சத்தமாகவே படிக்கலாம். நடுவில் ஒரு பிரியாணி வரும். அந்த இடத்தில் அம்மா பக்கத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்.

நீ அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய், பாலிடெக்னிக் முதல் வருஷம். "அப்பாவுக்கு மெட்ராஸ் ஐ, வேறொன்றுமில்லை, நீ பரீட்சைக்குப் படி" என்று அம்மா எழுதியதை நம்பினாய். நீ லீவுக்கு வந்தபோது நான் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தேன். அதனால் நடுவில் நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. மெட்ராஸ் ஐ என்றால் மெட்ராஸில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நல்ல பொய்தான்.

நம் சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்து ஒரு வாரம், பத்து நாள் ஆகியிருக்கும். மழை விட்டிருந்த ஒரு காலை. அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். டம்ளர் இரண்டாகத் தெரிந்தது. எது நிஜ டம்ளர் என்று தெரியாமல் கையை நீட்டி, இல்லாத டம்ளரைப் பிடித்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் ஒன்றாகிவிட்டது. நல்ல உபாயமாக இருக்கிறதே என்று வீடு முழுக்க ஒற்றைக் கண்ணோடு சுற்றினேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குவார்ட்டர்ஸ் ஸ்டெல்லா அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். "இந்த வயசுல யாரைப் பாத்துக் கண்ணடிக்கிறீங்க?" என்றாள் அம்மா. தூக்கக் குறைவு என்றேன். விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் எறும்பு ஊர்வதுபோல் இருந்ததைச் சொல்லவில்லை. மத்தியான டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் கால் போகிற இடத்தில் படி இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். பீச்சுக்குப் போகிற வண்டி எனக்காக நின்றது. எதிரே சிக்னலைப் பார்த்தேன். இரண்டு கம்பங்கள், இரண்டு சிவப்பு. ஒன்று நேராக, இன்னொன்று அதன் தோளில் சாய்ந்தாற்போல். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எத்தனை வருஷமாக ஓட்டிய தடம். வண்டிக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நேராக சூப்பர்வைசர் அறைக்குப் போனேன்.

"சார், இன்னிக்கு நான் வண்டி எடுக்க மாட்டேன். சிக்னல் ரெண்டா தெரியுது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். "ரெண்டாவா? இன்னாபா சொல்ற? எத்தினி ரவுண்டு வுட்ட?"

"நான் குடிக்க மாட்டேன்னு உங்களுக்கே தெரியும் சார்."

"தெரியும்பா. அதான் பேஜாரா கீது. குடிக்காதவன் ஒரு நாளு குடிச்சா இப்டித்தான் ஆட்டம் காட்டும். பேசாம வூட்டுக்குப் போயி படு."

இரண்டு பேரைக் கூட அனுப்பினார். பெண்ணின் தாய்மாமா பார்த்தது அந்த ஊர்வலத்தைத்தான். சூப்பர்வைசர் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. தள்ளாடுகிறவனை வண்டியில் ஏற்றாமல் அனுப்பியது அவர் செய்யவேண்டிய வேலை. காரணம்தான் தப்பு, காரியம் சரி. நீயும் நாளைக்கு நாலு பேரை வைத்து வேலை வாங்குவாய். அவர்களுக்கு உன்மேல் கோபம் வந்தாலும் இப்படிப்பட்ட காரியங்களைச் செய்யத் தயங்காதே.

மறுநாள் இமை இறங்கத் தொடங்கியது. அடுத்த நாள் இரண்டு கண்ணும் முழுக்க மூடிக்கொண்டன, திறக்க முடியவில்லை. முகம் விறைத்தது, நாக்கு தடித்தது, விழுங்கினால் தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. பெரியப்பா ஆளையும் டாக்சியையும் கூட்டிக்கொண்டு வந்து நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார். வெளியே எங்கோ ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். தலையை ஸ்கேன் எடுப்பதென்பது அப்போது வீட்டை அடகு வைப்பதுபோலப் பெரிய விஷயம். அதில் மூளைத்தண்டில் ஒரு நிழல் தெரிந்தது. மூளைத்தண்டு என்றால் மூளை முடிந்து முதுகுத்தண்டு தொடங்கும் இடத்தில் இருக்கும் காம்பு. கட்டைவிரல் தடிமன்தான். கண் அசைய, முகம் சிரிக்க, விழுங்க, மூச்சு விட, எல்லாவற்றுக்கும் நரம்பு அந்தக் குறுகலான இடத்து வழியாகத்தான் போயாக வேண்டும். "அங்க கட்டின்னா ஆபரேஷன் பண்ண முடியாது, கரண்ட் வெச்சுப் பாக்கலாம்" என்றார்கள். கரண்ட் என்றால் கதிர்வீச்சு. திங்கட்கிழமை கரண்ட் வைக்க நாள் குறித்தார் பெரியப்பா. அண்ணன் அல்லவா, ஏதாவது செய்தாக வேண்டும் அவருக்கு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? என் காது நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கண் மூடியிருந்ததால் நினைவில்லை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். பேச முயன்றால் கொழகொழவென்று ஏதோ வந்தது. பிதற்றுகிறார் என்றார்கள். கையைத் தூக்கினால் அது நான் நினைத்த இடத்துக்குப் போகாமல் காற்றில் அலைந்தது. ஃபிட்ஸ் என்று அமுக்கிப் பிடித்தார்கள். அரைத் தூக்கமும் அரை விழிப்புமாகக் கிடந்துகொண்டு என் சாவைப் பற்றிய ஏற்பாடுகளை எல்லாம் கேட்டேன். போதகர் வந்து, "கர்த்தாவே, இந்த ஆத்துமாவை உம்முடைய சமுகத்தில் ஏற்றுக்கொள்ளும்" என்று ஜெபிக்க ஆரம்பித்தார். ஐயா, இன்னும் வண்டி கிளம்பவில்லை என்று கத்தினேன். கொழகொழ என்றுதான் வந்தது. "ஆமென் சொல்றார்" என்று பெரியப்பா அழுதார். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது நான் பயத்தில் வெந்துபோனேன், செல்வின். படுத்துக்கிடக்கிறவன் முன்னால் எதையும் பேசாதே. அவன் தூங்குகிறான் என்று நினைத்தால்கூடப் பேசாதே.

சனிக்கிழமை ஒரு டாக்டரம்மா வந்தார். நரம்பு வைத்தியத்தில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த இளம் பெண், குரலிலேயே தெரிந்தது. என் கையைப் பிடித்தார். "சார், நான் பேசறது கேக்குதா? கேட்டா என் விரலை அழுத்துங்க." அத்தனை நாளில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அழுத்தினேன். என் பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினேன். "அய்யோ, போதும் சார், விரல் போயிடும்" என்று சிரித்தார். "அம்மா, இவருக்கு நல்லா நினைவு இருக்கு. இமைதான் திறக்கல." அம்மா ஓவென்று அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அத்தனை நாளும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, உன் படிப்புக்கு என்ன செய்வது என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

டாக்டரம்மா என் இமையை விரலால் தூக்கிப் பிடித்து, பார்வையை அசைக்கச் சொன்னார். இரண்டு கண்ணும் நட்டுவைத்தாற்போல் நின்றன. பிறகு ஒரு சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் எகிறவில்லை. மறு கால், கணுக்கால், முழங்கை, எங்கே தட்டினாலும் பதில் இல்லை. அப்புறம் பெரியப்பாவிடம் சொன்னார்: "கட்டின்னா நாலு நாள்ல இவ்ளோ ஆகாது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியும் வராது. தட்டினா கால் எகிறறது நிக்கவும் நிக்காது. ஸ்கேன்ல அந்த இடத்துல எலும்பு கெட்டி, சும்மாவே நிழல் விழும். எனக்கு வேற ஒரு சந்தேகம் இருக்கு. நான் புஸ்தகத்துல படிச்சிருக்கேன், கண்ணால பாத்ததில்ல." உடம்பில் ஏதாவது கிருமி வந்துபோன பிறகு, அதோடு சண்டை போட எழுந்த உடம்பின் படை ஆள் தெரியாமல் நரம்பையே அடிக்குமாம். அப்படியென்றால் அது தானாகவே அடங்கும், தானாகவே சரியாகும். அந்த வியாதிக்கு வெள்ளைக்காரப் பெயர் ஒன்று சொன்னார், எனக்கு இன்றும் வாயில் நுழையாது.

"முன்னாடி ஒரு பத்து நாளைக்குள்ள காய்ச்சல், வயித்துப்போக்கு ஏதாவது வந்துதா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஒண்ணுமே வரலை டாக்டர்" என்றாள் உன் அம்மா.

நான் படுக்கையில் துள்ளினேன். மறுபடி ஃபிட்ஸ் என்று பிடித்துக்கொண்டார்கள்.

இங்கேதான் பிரியாணி வருகிறது. அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குக் கோழிப் பிரியாணி போடும் பொறுப்பு பெண்கள் சங்கத்துக்கு. அண்டாவுக்குத் தலைமை உன் அம்மா. கட்டிட நிதிக்காக விற்ற பிரியாணி. மழையில் விறகு நனைந்து, அடுப்பு சரியாக எரியாமல், ஆராதனை முடிந்து ஜனம் வரிசையில் நின்றுவிட்டதால் அவசரத்தில் இறக்கிவிட்டார்கள். அன்று ராத்திரி சபையில் பாதிப் பேருக்கு வயிறு கலங்கியது. எனக்கு மூன்று நாள், காய்ச்சலோடு. பெண்கள் சங்கம் கூடி, இதை யாரும் வெளியே பேசக்கூடாது, மழைத் தண்ணீரால் வந்தது என்று சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தது. ஜெபம் பண்ணி எடுத்த முடிவு. வயிற்றுப்போக்கு என்றால், என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் அடுத்துக் கேட்பார். அதை மீறி ஆஸ்பத்திரியில், அதுவும் பெரியப்பாவும் போதகர் வீட்டம்மாவும் நிற்கிற இடத்தில், எப்படி வாயைத் திறப்பாள்?

"அப்படின்னா என்னால உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. "வெறும் சந்தேகத்தை வெச்சு நான் திங்கட்கிழமை கரண்ட் வைக்கறதை நிறுத்தச் சொல்ல முடியாது." அவர் செருப்புச் சத்தம் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் அம்மாவின் செருப்புச் சத்தம் ஓடியது. கதவுக்கு வெளியேதான் நின்று பேசினார்கள். "டாக்டர், பிரியாணி... நாந்தான் டாக்டர் செஞ்சேன்... வேகலை... இவருக்கு மூணு நாள் நிக்கவே இல்லை." டாக்டரம்மா சொன்னார், அவ்வளவு சந்தோஷமான ஒரு குரலை நான் கேட்டதில்லை: "அம்மா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! நல்ல வேளை, நல்ல வேளை!" வேகாத பிரியாணியைக் கேட்டு ஒருவர் நல்ல வேளை என்று சொன்னது உலகத்திலேயே அன்றைக்குத்தான் இருக்கும். நீ கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிறவன், அதனால் சொல்கிறேன். உன் மனைவி எதையாவது மறைத்தால், பெரும்பாலும் அது வெட்கத்தினால்தான் இருக்கும். விரட்டிப் பிடிக்காதே. வராந்தா வரைக்கும் ஓடிவர நேரம் கொடு.

ஆனால் கஷ்டம் அதோடு முடியவில்லை. கரண்ட் வேண்டாம், காத்திருப்போம் என்று பெரிய டாக்டரும் சொல்லிவிட்டார். மூச்சு மட்டும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது குறைந்தால் குழாய் போட்டுவிடுவோம் என்றார்கள். எவ்வளவு மூச்சு இருக்கிறது என்று பார்க்க, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். எனக்கு எண் ஓடவில்லை. நான் எனக்குப் பழகிய வழியில் போனேன். பீச், கோட்டை, பூங்கா, எழும்பூர் என்று கொழகொழத்த நாக்கில் ஆரம்பித்தேன். முதலில் புரிந்துகொண்டவள் அம்மா. "டாக்டர், ஸ்டேஷன் பேரு சொல்றார்!" அதன்பிறகு அந்த வார்டில் என் மூச்சுக்கு அதுதான் அளவு. முதல் நாள் கிண்டி வரை போனேன். மறுநாள் இரண்டு ஸ்டேஷன் குறைந்து மாம்பலம். அதற்கடுத்த நாள் நுங்கம்பாக்கத்தில் நின்றுவிட்டேன். குழாயைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார்கள், அந்த டிரேயின் சத்தம் கேட்டது. பெரியப்பா அம்மாவைப் பார்த்து, "உன் பிடிவாதத்துல என் தம்பியைக் கொல்லப் போற, இப்பவாவது கரண்ட் வைக்கச் சொல்லு" என்று வார்டே கேட்கும்படி கத்தினார்.

அம்மா திரும்பக் கத்தவில்லை. "ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கணும் அத்தான்" என்றாள். பிரியாணியை அவசரத்தில் இறக்கியவள் சொன்ன வார்த்தை என்பதால் அவளுக்கே நாக்கு குளறியது. ஆனாலும் அசையவில்லை. சும்மா இருப்பதைப்போலக் கஷ்டமான வேலை வேறில்லை, செல்வின். எதையாவது செய்துவிட்டால் மனசு ஆறிவிடும். ஒன்றும் செய்யாமல், பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டேஷன் பெயரைக் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு வேறொரு தைரியம் வேண்டும். எனக்கு அது கிடையாது. உன் அம்மாவுக்கு இருந்தது.

மறுநாளும் நுங்கம்பாக்கம்தான். அதற்கு மறுநாள் கோடம்பாக்கம். அம்மா என் காதில், "தாண்டிட்டீங்க" என்றாள். சைதாப்பேட்டை, பழவந்தாங்கல், பல்லாவரம் என்று வண்டி மெல்ல நகர்ந்தது. குரோம்பேட்டை தாண்டி தாம்பரம் சேர்ந்த அன்று, நர்சுகள் கை தட்டினார்கள். டாக்டரம்மா முழங்காலில் தட்டிப் பார்த்துவிட்டு, கால் இன்னும் எகிறவில்லை, அது மெதுவாக வரும், ஆனால் சார் வந்துவிட்டார் என்றார். சில நாளில் இமை ஒரு கீற்று திறந்தது. எதிரே இரண்டு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியையே சமாளிக்க முடியவில்லையே என்று சொன்னேன். முதல் தடவையாக எல்லோருக்கும் புரிகிறமாதிரி வாயிலிருந்து வந்த வாக்கியம் அதுதான். அம்மா சிரித்துக்கொண்டே என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அன்றைக்கு எங்களுக்கு இருந்த நிம்மதியை எழுத எனக்கு வார்த்தை போதாது.

ரயில்வே டாக்டர்கள் பல மாதம் கண்ணைச் சோதித்தார்கள், நடக்கவிட்டார்கள், ஓடவிட்டார்கள். கடைசியில் மறுபடி வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும் வரை ஓட்டினேன். ஒரே சிக்னல்தான் தெரிந்தது.

பிறகு ஏன் அந்தக் குடிகாரப் பெயரை இத்தனை வருஷம் சுமந்தாய் என்று நீ கேட்பாய். வியாதி என்று சொன்னால், எதனால் வந்தது என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் பிரியாணி வரும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், போதும். சபையில வேண்டாமே" என்றாள். சரி என்றேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு பெயரில் ஒன்று வந்துதான் தீரும் என்றால், என் பேர் கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அது உன் கல்யாணத்தில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. நீ போன் செய்த அன்று இரவு அம்மாதான் சொன்னாள்: "எழுதுங்க. பிரியாணியைச் சேத்தே எழுதுங்க."

எழுத உட்கார்ந்தது நேற்று சாயங்காலம். வாசலில் பெல் அடித்தது. போய்ப் பார்த்தால் சுகந்தி. நீ கட்டப்போகிற பெண். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்துவிட்டு, வீட்டில் சொல்லாமல், சைதாப்பேட்டையிலிருந்து தனியாக ரயிலேறி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்து, "மாமா, நீங்க குடிச்சிட்டு வண்டி ஓட்ட வந்தீங்கன்னு எங்க வீட்ல சொல்றாங்க. உங்ககிட்டயே கேக்கணும்னு வந்தேன். நிஜமா?" என்றாள். கண் நகரவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நுங்கம்பாக்கத்தில் அழுதாள், பிரியாணியில் சிரித்தாள். கிளம்பும்போது, "எங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன் மாமா" என்றாள்.

பத்து வருஷத்தில் என்னிடம் நேரில் வந்து கேட்ட முதல் ஆள் அவள்தான், செல்வின். நீ கேட்கவில்லை, நானும் வலிய வந்து சொல்லவில்லை, இந்த வீட்டில் நாம் மூன்று பேருமே அப்படித்தான். இனி நம் வீட்டில் கேட்கிற ஒருத்தி இருப்பாள். எனக்கு உன்னைப் பற்றிக் கவலையில்லை.

அப்பா